இடிந்த வீட்டைப் பதிப்பித்தல்: ஜேம்ஸ் பால்ட்வினின் மின்னணு இல்லமும் உ.வே.சா.வின் தியாகராஜ விலாசமும்

ஆய்வுச் சுருக்கம்

எழுத்தாளர் வாழ்ந்த வீடு இடிக்கப்பட்ட பின்னர் அதனை ஊடாடும் மின்னணு அருங்காட்சியகமாக மீட்டெடுக்க இயலுமா என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் பிரான்சில் வாழ்ந்த வீடு அவ்வாறு மீட்கப்பட்ட முறை முதலில் ஆராயப்படுகிறது. அதன் பின்னணியில், 2012-இல் இடிக்கப்பட்ட உ.வே. சாமிநாதையரின் சென்னை இல்லத்திற்கு எவ்வகைச் சான்றுகள் எஞ்சியுள்ளன என்பதும், அவற்றைக் கொண்டு எத்தகைய அருங்காட்சியகம் அமைப்பது முறை என்பதும் விவாதிக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: எழுத்தாளர் இல்லம், மின்னணு அருங்காட்சியகம், பால்ட்வின், உ.வே. சாமிநாதையர், பதிப்பு நெறி, சான்று.

முன்னுரை

சென்னைத் திருவல்லிக்கேணியை அடுத்த திருவேட்டீசுவரன்பேட்டையில், பிள்ளையார் கோயில் தெருவில் இருந்த ஒரு வீடு 2012-ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. கும்பகோணம் கல்லூரியிலிருந்து மாநிலக் கல்லூரிக்கு மாறுதல் பெற்று 1903-இல் சென்னைக்கு வந்த உ.வே. சாமிநாதையர் வாடகைக்குக் குடியேறி, பின்னர் விலைக்கு வாங்கிய வீடு அது. கும்பகோணம் கல்லூரியில் தம் பணியிடத்தைத் தமக்குப் பெற்றுத் தந்த தியாகராச செட்டியாரின் நினைவாக அதற்குத் 'தியாகராஜ விலாசம்' எனப் பெயரிட்டார். இடிப்புச் செய்தி நாளிதழ்களில் வந்தது. தமிழறிஞர்கள் வருந்தினர். பின்னர் அச்செய்தி அடங்கியது.

ஆய்வுப் பணியின் பொருட்டு அத்தெருவுக்குச் சென்றபோது, உ.வே.சா. வீடு இருந்த இடம் எது என்று ஒரு கடைக்காரரிடம் வினவினேன். அவர் மிக்க பரிவுடன் பெசன்ட் நகருக்கு எந்தப் பேருந்தில் செல்ல வேண்டும் என்று சொல்லித் தந்தார். உ.வே.சா. நூலகம் அங்கேதான் உள்ளது. அவரைப் பொறுத்தவரை அவ்விடை பிழையன்று. ஆயினும் சுவடிகள் இருக்கும் இடம் வேறு, அச்சுவடிகள் நூலாக மாறிய இடம் வேறு. இரண்டாவது இடத்தை இனி நேரில் காட்ட இயலாது. மெய்நிகர் வடிவிலாவது காட்டலாமே என்ற யோசனை கருத்தரங்குகளில் அவ்வப்போது எழுகிறது. அந்த யோசனையைச் சற்று நிதானமாக ஆராய வேண்டியுள்ளது.

சான்-போல்-த-வான்ஸ்: வீடு போன பிறகு

இத்துறையில் ஒப்புநோக்கத் தக்க முன்மாதிரி பிரான்சிலிருந்து கிடைக்கிறது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் 1924-இல் பிறந்த ஜேம்ஸ் பால்ட்வின், இனவெறுப்பு மிகுந்த தாய்நாட்டிலிருந்து 1948-இல் பாரிசுக்குச் சென்றார். இடையில் அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டங்களில் முனைந்து ஈடுபட்டார். 1970-களின் தொடக்கத்தில் தென் பிரான்சின் சான்-போல்-த-வான்ஸ் என்னும் சிற்றூரில் ஒரு பழைய கல்வீட்டில் குடியேறி, 1987 டிசம்பர் 1-இல் அவ்வீட்டிலேயே மறைந்தார். வீட்டின் உரிமையாளர் அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு பிரெஞ்சு மூதாட்டி. முதலில் சில அறைகளை மட்டும் வாடகைக்கு எடுத்த பால்ட்வின், நாளடைவில் வீட்டைச் சிறிது சிறிதாக வாங்க முனைந்தார். அந்தக் கொள்முதல் அவர் வாழ்நாளில் நிறைவுறவில்லை. அவர் மறைவுக்குப் பின் உரிமை குறித்து நீண்ட வழக்கு நடந்தது; இறுதியில் வீடு குடும்பத்தாரின் கையை விட்டுப் போயிற்று. நிலத்தை வாங்கிய கட்டுமான நிறுவனம் ஆடம்பரக் குடியிருப்புகளுக்குத் திட்டமிட்டது. 2014-இல் பால்ட்வினின் எழுத்தறை இருந்த பகுதி இடிக்கப்பட்டது.

இங்கே ஒரு முரணைச் சுட்டலாம். நியூயார்க்கில் பால்ட்வின் 1965-இல் வாங்கிய வீடு ஒன்று உண்டு. அவர் குடும்பத்தார் வாழ்ந்த அவ்வீட்டில் அவர் வந்து போய்த்தான் இருந்தார். அந்நகரத்தின் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் அதனைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்தது. அவர் இறுதிக் காலத்தில் ஊன்றி வாழ்ந்து எழுதிய வீடோ இல்லாமற்போயிற்று. உ.வே.சா.வுக்கும் ஏறத்தாழ இதுவே நேர்ந்தது. அவர் பிறந்து வளர்ந்த சூழலை நினைவூட்ட உத்தமதானபுரத்தில் அரசு நினைவில்லம் உள்ளது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்த சென்னை வீட்டிற்கு எதுவுமில்லை. பிறப்பிடத்தைப் போற்றுவது நம் மரபு. பணியிடத்தைப் போற்றும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

பால்ட்வின் வீட்டின் மீட்பு ஓர் ஆய்வாளரிடமிருந்து தொடங்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மக்தலேனா ஸபரோவ்ஸ்கா 2000-ஆம் ஆண்டில் அவ்வீட்டிற்குச் சென்றார். அப்போது வீட்டில் பால்ட்வினின் பொருள்கள் இருந்தன. அறைகளை அவர் ஒளிப்படம் எடுத்தார். 2014-இல் மீண்டும் சென்றபோது வீடு வெறுமையாகிச் சிதைந்துகொண்டிருந்தது. குடும்பத்தோடு நெருங்கிய ஒருவரின் பொறுப்பில் நூல்கள், இசைத்தட்டுகள், அறைகலன்கள் முதலியன காப்பாற்றப்பட்டிருந்தன. அவற்றையும் அவர் ஆவணப்படுத்தினார். இப்பணியின் பயனாக 2018-இல் பால்ட்வினின் இறுதிக்காலம் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு மின்னணுத் தொகுப்பும் அமைந்தது. வாஷிங்டனில் 2016-இல் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர் வரலாறு, பண்பாட்டுக்கான தேசிய அருங்காட்சியகம் 'ஷே பால்ட்வின்' என்ற பெயரில் இணையவழிக் கண்காட்சியை வெளியிட்டது. 'பால்ட்வின் வீட்டில்' என்பது அப்பெயரின் பொருள்.

இந்த மீட்பில் கவனிக்க வேண்டியது தொழில்நுட்பத்தின் பகட்டன்று. சுவர்களை அச்சு அசலாக மீண்டும் எழுப்பிக் காட்டும் ஆர்வம் அதில் மேலோங்கவில்லை. எஞ்சிய பொருள்களும் ஒளிப்படங்களுமே அதன் அடித்தளம். அவற்றின் வழியே பார்வையாளர் பால்ட்வினின் படைப்புகளுக்குச் செல்கிறார். வெளி முற்றத்தில் விருந்தினர்களோடு அமர்ந்த உணவு மேசை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. இசைக்கலைஞர்களும் நடிகர்களும் ஓவியர்களும் கூடிய அம்மேசையே, அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற நாடகமொன்றின் தலைப்பிலும் இடம்பெற்றது. மேசையிலிருந்து நாடகத்திற்குச் செல்ல அங்கே கற்பனை தேவைப்படவில்லை.

இசைத்தட்டுகளின் கதை இதைவிடச் சுவையானது. அவ்வீட்டிலிருந்த இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு, அருங்காட்சியகக் காப்பாளர் ஒருவர் 478 பாடல்கள் கொண்ட இசைப்பட்டியலை ஸ்பாட்டிஃபை தளத்தில் தொகுத்தார். அதன் நீளம் 32 மணி நேரம். வீட்டின் ஓர் அங்குலத்தைக்கூட முப்பரிமாணத்தில் வரையாமல், அவ்வீட்டில் ஒலித்தவற்றைக் கேட்கச் செய்துவிட்டது அந்த முயற்சி. ஊடாட்டம் என்பதற்கு நான் கொள்ளும் பொருளும் இதுவே: பார்வையாளர் ஒரு சான்றைத் தொட்டு, அதன் வழியே இன்னொரு சான்றை அடைதல்.

இருப்பினும் இம்முன்மாதிரியை அப்படியே எடுத்தாள இயலாது. வீடு நின்றிருந்தபோதே, பொருள்கள் உரிய இடத்தில் இருந்தபோதே, ஒருவர் படம் எடுத்திருந்தார். நமக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

தியாகராஜ விலாசத்தின் சான்றுகள்

உ.வே.சா. 1942-இல் மறைந்தார், வீடு 2012-இல் இடிந்தது. இடையே 70 ஆண்டுகள் கழிந்தன. அவர் மறைந்ததும் அவ்வீட்டில் அன்று. சப்பானியர் தாக்குவர் என்ற அச்சத்தால் சென்னை மக்கள் வெளியூர்களுக்குச் சென்ற வேளையில் அவரும் திருக்கழுக்குன்றம் சென்று, 1942 ஏப்ரல் 28-இல் அங்கு மறைந்தார். அவருடைய சுவடிகளையும் நூல்களையும் கொண்டு 1943-இல் ருக்மிணிதேவி அருண்டேலின் முயற்சியால் அடையாற்றில் நூலகம் நிறுவப்பட்டது. ஆகவே வீட்டின் உயிர்ப்பொருளாக இருந்த ஏடுகள், வீடு இடிவதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளுக்கு முன்பே அதனை நீங்கிவிட்டன. இவ்விலகல் இல்லாவிடில் ஏடுகளும் ஆபத்துக்கு உள்ளாகியிருக்கக்கூடும் என்பதையும் மறப்பதற்கில்லை.

பொதுவாக உ.வே.சா. பற்றி எதை அமைக்க முனைந்தாலும் முதலில் கைக்கு வருவது 'என் சரித்திரம்'. 1940 தொடங்கி ஆனந்த விகடனில் தொடராக வந்து, ஆசிரியர் மறைவால் 122 அத்தியாயங்களோடு நின்று, 1950-இல் நூலாக வெளிவந்த அதனை அடிப்படையாகக் கொண்டு மெய்நிகர் வீட்டை அமைக்கலாம் என்று கருதுவோர் உண்டு. இங்கேதான் பெருஞ்சிக்கல் எழுகிறது. அந்நூல் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுவிடுகிறது. சென்னை வாழ்க்கையோ 1903-இல் தொடங்குகிறது. அதாவது, திருவேட்டீசுவரன்பேட்டை வீட்டிலிருந்து சொல்லப்பட்ட தன்வரலாறு, அவ்வீட்டிற்கு வந்து சேர்வதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. நமக்கு நன்கு பழகிய காட்சிகள் எவையும் அவ்வீட்டில் நிகழ்ந்தவை அல்ல. மகாவித்துவானிடம் பாடம் கேட்டது மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும். சேலம் இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைப் பற்றிக் கேட்டது 1880-இல் கும்பகோணத்தில். சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) ஆகிய பதிப்புகள் எல்லாம் கும்பகோணக் காலத்தவை.

கடிதங்களின் நிலையும் இதுவே. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'உ.வே. சாமிநாதையர் கடிதக் கருவூலம்' முதல் தொகுதி 1877 முதல் 1900 வரையிலான கடிதங்களைக் கொண்டது. இவ்வகையில் நமக்கு எளிதில் கிட்டும் இரு பெருஞ்சான்றுகளும் இவ்வீட்டின் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதனைக் கருதாமல் சிந்தாமணிக் கதையைச் சென்னை வீட்டின் கூடத்தில் வைத்துக் காட்டினால், பார்வையாளர் மகிழ்வார், வரலாறு பிழைபடும்.

அப்படியாயின் இவ்வீட்டிற்குரியவை எவை? பரிபாடல் (1918), பெருங்கதை (1924), குறுந்தொகை (1937) ஆகிய பதிப்புகளும், இரு பாகங்களாக 1933, 1934-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரமும் சென்னைக் காலத்தவை. இடையில் 1924 முதல் 1927 வரை அவர் சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரி முதல்வராக இருந்தமையால், இக்காலத்தில் செய்தவற்றை எல்லாம் இவ்வீட்டிற்கே உரியவை என்று கொள்ளவும் இயலாது. நூல் முன்னுரைகளின் இறுதியில் அவர் வீட்டுப் பெயரையும் பேட்டையின் பெயரையும் குறிக்கும் வழக்கம் இங்கு நமக்குத் துணை நிற்கிறது. பலரும் கடந்து செல்லும் அந்த முகவரி வரியே வீட்டிற்கான முதன்மைச் சான்று. அடுத்து, இறுதிப் பதினைந்து ஆண்டளவில் உடனிருந்து பயின்ற கி.வா. ஜகந்நாதனின் 'என் ஆசிரியப்பிரான்' முதலிய எழுத்துகள். 1900-க்குப் பிற்பட்ட கடிதங்கள். 'நினைவு மஞ்சரி' போன்ற கட்டுரைத் தொகுதிகள். இடிப்பின்போது இதழ்களில் வெளியான ஒளிப்படங்கள். பத்திரப் பதிவு ஆவணங்கள். வீட்டை உள்ளே கண்டவர்களின் வாய்மொழி. கடைசியாகச் சொன்னதற்குக் கால எல்லை உண்டு. உ.வே.சா. காலத்து வீட்டைக் கண்டவர் இன்றிருந்தால் 90 வயதை நெருங்கியவராகவோ கடந்தவராகவோ இருப்பார். பிற்காலத்தில் அங்கே குடியிருந்தவர்கள், வந்து போனவர்கள் இன்னும் இருக்கக்கூடும்.

புள்ளியிட்ட இடங்கள்

முப்பரிமாண மாதிரி உருவாக்குவோர் உடனே ஒரு வழி சொல்வர்: அக்காலத் திருவல்லிக்கேணி வீடுகளின் பொது அமைப்பு தெரிந்ததே, திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று வரைந்து, நடுவே ஒரு சாய்வு மேசையையும் ஏட்டுக் கட்டுகளையும் வைத்துவிடலாம் என்பர். திரையில் அது அழகாகவே இருக்கும். ஆனால் அது உ.வே.சா. வீடாக இராது, உ.வே.சா. காலத்து ஏதோ ஒரு வீடாக இருக்கும். செயற்கை நுண்ணறிவின் துணையால் அவர் குரலில் பேசவைப்பது பற்றியும் இப்போது பேசப்படுகிறது. பதிப்பில் ஒரு சொல்லைத் திருத்தவும் தயங்கியவரின் வாயில் நாம் சொற்களை இடுவது எவ்வகையில் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை.

பண்பாட்டு மரபுகளைக் கணினிவழிக் காட்சிப்படுத்துவதற்கு 2006-இல் உருவாகி 2009-இல் திருத்தப்பட்ட இலண்டன் சாசனம் இதற்கு ஒரு நெறி வகுத்துள்ளது. காட்சியில் எது சான்றால் உறுதியானது, எது ஊகம் என்பதைப் பார்ப்பவர் அறியச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முடிவும் எதன் அடிப்படையில் எடுக்கப்பட்டது என்பதும் பதிவாக வேண்டும். தொல்லியல் துறையினர் இந்நெறியை விரிவாகப் பேசுகின்றனர். தமிழ் ஆய்வாளருக்கு இது புதியதும் அன்று. தமிழ்ப் பதிப்பு மரபு நெடுங்காலமாகக் கடைப்பிடித்துவரும் ஒழுங்கே இது.

பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் கிடைக்கவில்லை. 1904-ஆம் ஆண்டுப் பதிப்பு எட்டுப் பத்துகளோடு வந்தது. புறநானூற்றில் 267, 268-ஆம் பாட்டுகள் இல்லை. எண்களோ அப்படியே நிற்கின்றன. பெருங்கதையின் முதலும் இறுதியும் இல்லை. முழுமையற்ற நூல் என்று அதனை ஒதுக்காமலும், குறையைத் தாமே பாடி நிரப்பாமலும், கிடைத்ததைக் கிடைத்தவாறே அச்சேற்றினார். ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டார். பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் தந்தார். வெண்பாவும் ஆசிரியமும் எளிதில் இயற்ற வல்லவர் அவர். நிரப்ப இயலாமல் விட்டவரல்லர். தியாகராஜ விலாசத்தையும் இவ்வாறே பதிப்பிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

நடைமுறையில் இதன் வடிவம் எவ்வாறிருக்கும்? ஒளிப்படச் சான்றுள்ள பகுதி, எடுத்துக்காட்டாகத் தெருமுகப்பு, முழு வண்ணத்தில் அமையலாம். எழுத்துச் சான்று மட்டும் உள்ள பகுதி கோட்டோவியமாக நிற்கலாம். தொட்டவுடன் அச்சான்று இடம்பெற்ற நூலும் பக்கமும் தோன்ற வேண்டும். எச்சான்றும் இல்லாத அறை வெற்றிடமாகவே இருக்கட்டும். இருவர் நினைவுகள் முரண்பட்டால் இரண்டையும் பாடவேறுபாடாகத் தரலாம். பாதி வெறுமையான வீட்டைப் பார்க்க யார் வருவர் என்ற கேள்வியை இக்கருத்தை முன்வைத்த ஓர் உரையாடலில் எதிர்கொண்டேன். பதிற்றுப்பத்தை நாம் எட்டுப் பத்தோடுதானே படிக்கிறோம் என்பதே அப்போது எனக்குத் தோன்றிய விடை. அது முழுமையான விடையன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளி மாணவர்க்கும் பயணிகளுக்கும் வெற்றிடத்தை விளக்கும் எளிய குரல் ஒன்று வேண்டும்.

ஏட்டின் வழி

வீட்டின் உடல் குறைந்தளவே கிடைத்தாலும், அதற்குள் நிகழ்ந்த பணியைக் காட்டுவதற்குச் சான்று ஏராளம். ஒவ்வொரு பதிப்பின் முன்னுரையிலும் ஏடு தந்தவர் யார், எவ்வூரார் என்பதை உ.வே.சா. நன்றியுடன் குறித்துள்ளார். அச்செய்திகளை மீதரவாகத் தொகுத்தால் ஊரும் ஆளும் ஏடும் நூலும் ஒன்றோடொன்று இணைந்த வலைப்பின்னல் கிடைக்கும். பார்வையாளர் வரைபடத்தில் ஓர் ஊரைத் தொடலாம். அங்கிருந்து வந்த ஏடு எது, இன்று அது நூலகத்தில் எவ்வெண்ணில் உள்ளது, எந்தப் பதிப்பில் எந்த வேறுபாட்டிற்கு ஆதாரமாயிற்று என்று தொடரலாம். திருநெல்வேலிச் சீமையின் ஒரு வீட்டிலிருந்தோ ஒரு மடத்திலிருந்தோ புறப்பட்ட ஏடு திருவேட்டீசுவரன்பேட்டையில் அச்சுப் படியாக மாறும் பயணத்தைக் காட்டுவது, இல்லாத முற்றத்தில் மெய்நிகராக உலவச் செய்வதைவிடப் பயனுடையது. பால்ட்வின் வீட்டிற்கு இசைத்தட்டு எப்படியோ, இவ்வீட்டிற்கு ஏடு அப்படி.

மின்னணு வடிவின் நிலையாமையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். ஃபிளாஷ் தொழில்நுட்பத்தில் அமைந்த ஊடாடு பக்கங்கள் பல, 2020 இறுதியில் அதன் ஆதரவு நின்றதும் திறக்க இயலாதவை ஆயின. அழகிய முப்பரிமாண மென்பொருளும் நாளை அந்நிலையை எய்தலாம். தரவுகளை எளிய, திறந்த வடிவங்களில் தனியே பேணி, காட்சியை அவற்றின் மேல் போர்த்திய ஆடையாகக் கருதுவது நன்று. ஆடை கிழிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஏட்டைப் படியெடுத்துக் காத்த சமூகத்திற்கு இது கடினமான செயலன்று; ஆனால் படியெடுக்கும் பொறுப்பு யாருடையது என்பது தொடக்கத்திலேயே எழுத்தில் உறுதியாக வேண்டும். திட்டத்தின் நிதிக்காலம் முடிந்ததும் வழங்கியையும் கைவிடும் வழக்கம் நம் நிறுவனங்களில் உள்ளது.

இப்பணியில் எதை முதலில் செய்வது என்பதில் எனக்கு ஐயமில்லை. படப்பிடிப்புக் கருவியும் மென்பொருளும் காத்திருக்கலாம். முதியோர் நினைவு காத்திராது. பிள்ளையார் கோயில் தெருவிலும் அண்டைத் தெருக்களிலும் நெடுங்காலம் வாழ்ந்தோரைக் கண்டு வாய்மொழிப் பதிவு செய்வதும், 2012-இல் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களின் மூலப்படிகளை இதழகங்களில் கேட்டுப் பெறுவதும் உடனடியாக வேண்டியவை. இவற்றோடு, 1903-க்குப் பின் வந்த பதிப்புகளின் முன்னுரை இறுதியில் காணும் இடக்குறிப்பையும் நாளையும் ஆண்டு வரிசையில் தொகுக்கும் பணியை என் ஆய்வின் ஒரு பகுதியாகத் தொடங்கியுள்ளேன். மறுபதிப்புகளில் அவ்வரி சில வேளைகளில் நீக்கப்படுவதால் முதற்பதிப்புகளையே நாட வேண்டியிருக்கிறது. நூலகங்களிலும் தனியாரிடத்திலும் முன்னுரைப் பக்கம் சிதையாத முதற்பதிப்புகளை வைத்திருப்போர், அவ்வொரு பக்கத்தின் படியை மட்டும் தந்து உதவினாலும் அத்தொகுப்பு விரைவில் நிறைவுறும்.